கோழிக்கும் உண்டு பட்டம்



கோழி வளர்ப்பைப் பற்றி ஒரு சொற்பொழிவா என்று சிலர் சிரித்தார்களாம். அவைத் தலைவர் என் காதோடு சொன்னார். சிரிக்கட்டும். அரசியல் பேசினால் கைதட்டிவிட்டுப் போவீர்கள். கோழி பேசினால் வீட்டுக்குப் போய்க் கொல்லைப்புறத்தை ஒரு தடவையாவது எட்டிப் பார்ப்பீர்கள். எனக்கு அது போதும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். நெல்லுக்குப் பட்டம் பார்க்கிறோம். கடலைக்குப் பட்டம் பார்க்கிறோம். எள்ளுக்குப் பார்க்கிறோம், கத்தரி நாற்றுக்குக்கூடப் பார்க்கிறோம். கோழிக்கு? "கோழிதானே, கண்ணில் பட்டபோது நாலு வாங்கிப் போட்டால் மேயப் போகிறது" என்கிறோம். அங்கேதான் தவறு தொடங்குகிறது. வாங்கிய பத்துக் குஞ்சில் எட்டு செத்துப்போனால் "எங்கள் வீட்டுக்குக் கோழி ராசி இல்லை" என்று முடித்துவிடுகிறோம். ராசி எல்லா வீட்டுக்கும் இருக்கிறது. மாதம்தான் தப்பு. புறக்கடைக் கோழியை எந்த மாதத்தில் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்? இன்றைக்கு நான் பேச வந்தது இந்த ஒரே கேள்வியைப் பற்றித்தான்.

முதலில், கொண்டுவரக் கூடாத மாதம் எது? உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்த மாதத்தில் கோழிக்குஞ்சு கேட்டு அழுகிறார்களோ, அந்த மாதம்!

பள்ளிக்கூடம் மூடி முழுஆண்டு விடுமுறை விட்டாயிற்று. வெயில் ஏறுகிறது. தெருவில் ஒருவர் கூடையோடு வருகிறார். கூடைக்குள் பச்சை, ரோஸ், ஆரஞ்சு, ஊதா என்று சாயம் பூசிய குஞ்சுகள். கூடையைத் திறந்ததும் ஒரே கீச்சுக் குரல். பிள்ளைகளால் நிற்க முடியுமா? பாட்டியின் சுருக்குப் பை அவிழ்கிறது. நாலு குஞ்சு வீட்டுக்கு வருகிறது. மாலையில் ஒன்று தலையைத் தொங்கப் போடுகிறது. மறுநாள் காலையில் இரண்டு விறைத்துக் கிடக்கின்றன. மூன்றாம் நாள் கடைசிக் குஞ்சுக்கு முருங்கை மரத்தடியில் பிள்ளைகள் குழி தோண்டுகிறார்கள்.

அந்தக் குஞ்சுகள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலானவை முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குக் குஞ்சு பொரிக்கும் நிலையங்களில் கழித்துவிடப்பட்ட ஆண் குஞ்சுகள். அவை முட்டையும் இடாது, கறியும் பிடிக்காது. அதனால்தான் அவ்வளவு மலிவு. தடுப்பு மருந்து போட்டிருக்க மாட்டார்கள். சாயத்தில் நனைந்து, வெயிலில் அலைந்து, தண்ணீர் காணாமல் வருகிற குஞ்சு அது. பொரித்த குஞ்சின் வயிற்றுக்குள் மிச்ச மஞ்சள் கரு இருக்கும். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் அது தாங்கும். அந்தக் கட்டுச்சோற்றைத் தெருவிலேயே தின்று தீர்த்துவிட்டுத்தான் உங்கள் வாசலுக்கு வருகிறது. பிள்ளைகள் கொஞ்சிக் கொன்றுவிட்டார்கள் என்று திட்டாதீர்கள். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? சித்திரை மாதம் செய்த வேலை அது.

ஏன் சித்திரை ஆகாது? வெயிலில் கோழிக்கு என்ன நடக்கிறது?

நமக்கு வியர்க்கிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பியே இல்லை. அதன் உடம்புச் சூடு ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். வெளியே காற்று 35 டிகிரியைத் தாண்டினால் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ள அது திணறுகிறது. இறக்கையை உடம்பிலிருந்து விலக்கித் தொங்கவிட்டு, அலகைத் திறந்து, தொண்டை படபடக்க இரைக்கிறது. அக்னி நட்சத்திரப் பகலில் எந்தக் கொல்லையிலும் இதைப் பார்க்கலாம். அப்படி இரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. முட்டை ஓடு என்பது கால்சியம் கார்பனேட். அந்தக் கார்பனேட் உண்டாவதற்கு இரத்தத்தில் சரக்கு குறைந்துபோகிறது. கோடையில் முட்டை ஓடு காகிதம்போல் மெலிந்து, எடுக்கும்போதே விரிசல் விடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தீனி குறைத்து எடுப்பது இன்னொன்று. முட்டையிடும் பெரிய கோழிக்கே இந்தப் பாடு என்றால், நேற்றுப் பொரித்த குஞ்சின் கதி என்ன?

வெயிலாவது கண்ணுக்குத் தெரிகிறது. அதோடு சேர்ந்து வருகிறதே ஒரு நோய், அதைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்கழிச்சல் என்பீர்கள், கோழிக்கழிச்சல் என்பீர்கள், மருத்துவர்கள் ராணிக்கெட் என்பார்கள். எல்லாம் ஒன்றுதான். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். இறக்கை தொங்கும். பிழைத்த ஒன்றிரண்டு கழுத்தை முறுக்கிக்கொண்டு வட்டமடிக்கும். இதற்கு மருந்து கிடையாது. நன்றாகக் கேளுங்கள், மருந்து கிடையாது, தடுப்பூசிதான் உண்டு. ஆண்டு முழுவதும் இருக்கும் நோய்தான், ஆனால் நம் ஊரில் அது தலைவிரித்து ஆடுவது பங்குனி, சித்திரை, வைகாசியில். தடுப்பூசி போடாத கொல்லையில் நுழைந்தால் பஞ்சாரத்தைக் கவிழ்க்க ஒரு கோழி மிஞ்சாது. கால்நடை பராமரிப்புத் துறை ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி வாக்கில், அதாவது தை, மாசியில், இரண்டு வார முகாம் நடத்தி இலவசமாகத் தடுப்பூசி போடுகிறதே, ஏன் அந்த மாதத்தில்? கோடை வருவதற்குள் கோழிக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட வேண்டும் என்பதற்காக. அரசாங்கமே பட்டம் பார்க்கிறது ஐயா, நாம் பார்க்க வேண்டாமா?

இங்கே ஒரு தம்பி கேட்பார்: "வசந்த காலத்தில் குஞ்சு வாங்க வேண்டும் என்று வெளிநாட்டு வீடியோவில் சொல்கிறார்களே?" சரியாகத்தான் சொல்கிறார்கள், அவர்கள் ஊருக்கு. லண்டனில் டிசம்பர் மாதத்துப் பகல் 8 மணி நேரம்கூட இல்லை. ஜூனில் பதினாறரை மணி நேரம். கோழியின் முட்டைப் பையைத் தூண்டிவிடுவது வெளிச்சம். பகல் நீள நீளக் கோழி முட்டைக்கு வரும். பகல் சுருங்கினால் நின்றுவிடும். பனியும் உண்டு. ஆகவே அவர்களுக்கு வசந்தம்தான் பட்டம். நம் சென்னைக்கு? மார்கழியின் குட்டைப் பகலுக்கும் ஆனியின் நெட்டைப் பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். கன்னியாகுமரிப் பக்கம் போனால் அதுவும் இல்லை. வெளிச்சம் நமக்குப் பெரிய பிரச்சினை இல்லை. நமக்குப் பிரச்சினை இரண்டு: வெயில், மழை. அவர்களுடைய மார்ச், ஏப்ரலை அப்படியே எடுத்து இங்கே வைத்தால் நேரே பங்குனி, சித்திரையில் போய் விழுவோம். விழுந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெங்களூரிலோ சென்னையிலோ வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, மார்ச் மாதம் ஆர்வமாக இருநூறு குஞ்சு இறக்கி, ஜூனில் கொட்டகையைப் பிரித்து விற்பவர்கள்.

வெயிலைப் பார்த்தோம். மழைக்கு வருவோம்.

நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டிவிடுகிறது. கடலோரத்தில் பாதிக்கும் மேல். விடாமல் அடிக்கிற அடைமழை. கொட்டகையில் போட்ட உமி ஈரமாகிக் கட்டிகட்டியாக இறுகும். எச்சமும் ஈரமும் சேர்ந்து கண் எரிகிற நாற்றம் வரும். அந்த ஈரத்தில்தான் இரத்தக் கழிச்சல் பிடிக்கிறது. மூன்று வாரம் முதல் ஆறு வாரம் வரை உள்ள குஞ்சுகளைக் குறிபார்த்துப் பிடிக்கிறது. நனைந்த குஞ்சு நடுங்கும், நடுங்கும் குஞ்சு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் சாகும். நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்துத் தாய்மார்களைக் கேளுங்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் முதலில் கோழிக்குஞ்சைத்தான் வீட்டுக்குள் கொண்டுபோவார்கள்.

அப்படியானால் பங்குனி முதல் வைகாசி வரை வெயில் வழிமறிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வழிமறிக்கிறது. ஆனி, ஆடியில் மேற்குக் காற்று. ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, தட்டியும் தார்ப்பாயும் பறக்கும், அந்தக் காற்று அடிக்கிற இடத்தில் குஞ்சுக்குச் சூடு நிற்காது. மிச்ச மாதங்களில் எது நல்லது?

ஆவணி!

ஒருநாள் குஞ்சுக்கு ஆவணிதான் பட்டம் என்பது என் தீர்மானமான கருத்து. கணக்கைப் பாருங்கள். ஆவணி முதல் தேதி, ஆகஸ்டு 17 வாக்கில் குஞ்சு வருகிறது. ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, முதல் தடுப்பு மருந்து. நாலாவது வாரம் இன்னொரு சொட்டு. எட்டாவது வாரம் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி. எட்டு வாரம் முடிவது எப்போது? அக்டோபர் இரண்டாவது வாரம். பருவமழை தொடங்குவது எப்போது? பெரும்பாலும் அக்டோபர் மூன்றாவது, நாலாவது வாரம். மழை வந்து கதவைத் தட்டும்போது உங்கள் குஞ்சு முழு இறகும் முளைத்து, மூன்று மருந்தும் வாங்கி, உயரக் குச்சியில் ஏறி உட்காரப் பழகியிருக்கும். ஈரத்தரையில் படுக்கிற வயது தாண்டிவிட்டது. மார்கழிக் குளிரில் வளர்கிறது. தை, மாசியில் ஆறு மாதம் நிறைகிறது. நாட்டுக்கோழி முதல் முட்டை வைக்கிற வயது அதுதான். பிப்ரவரி முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போனால் இன்னொரு ஊசியும் ஆயிற்று. பிறகு சித்திரை வரட்டும். குஞ்சாக இருந்து சித்திரையைப் பார்ப்பது வேறு, விடைக்கோழியாக நிமிர்ந்து நின்று பார்ப்பது வேறு.

"ஆவணியிலும் சாயங்காலம் இடிமழை பெய்கிறதே?" பெய்யும். வேலூரிலும் சென்னையிலும் நன்றாகவே பெய்யும். ஆனால் ராத்திரி பெய்து விடியும்போது ஓய்ந்துவிடும். மறுநாள் வெயிலில் உமி காய்ந்துவிடும். நாள்கணக்கில் காயாத ஈரம்தான் குஞ்சுக்கு எமன்.

சூட்டுக் கணக்கும் ஆவணிக்குத்தான் ஒத்துவருகிறது. தாய் இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். வாரத்துக்கு 5 டிகிரியாகக் குறைத்துக்கொண்டே வரலாம். 95, 90, 85, 80. ஆவணி இரவில் நம் சமவெளி ஊர்கள் ஏறத்தாழ அந்தக் கடைசி எண்ணுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆகவே மூன்று, நான்கு வாரத்தில் பல்பை அணைத்துவிடலாம். மார்கழியில் இன்னும் சில வாரம் எரிக்க வேண்டும். சித்திரையிலோ பகலில் வெளிக்காற்றே 100 டிகிரியைத் தாண்டி நிற்கும். குஞ்சைக் குளிரவைக்க நீங்கள் எங்கே போவீர்கள்?

பல்பு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் கணக்கு. இருபது குஞ்சுக்கு 40 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பைத் தொங்கவிட்டுவிட்டு "லைட் போட்டும் செத்துப்போச்சு சார்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அது வெளிச்சம் தரும், சூடு தராது. குண்டு பல்புதான் வேண்டும். தகரத்தையோ அட்டையையோ மூலையே இல்லாமல் வட்டமாக வளைத்து, உள்ளே இரண்டு அங்குலம் உமி பரப்பி, முதல் சில நாளைக்கு அதன்மேல் செய்தித்தாள் விரியுங்கள். இல்லாவிட்டால் உமியையே தீனி என்று கொத்தும். பத்திரிகைகள் அந்த வகையிலாவது பயன்படட்டும். பிறகு தெர்மாமீட்டரைத் தேடி அலைய வேண்டாம், ராத்திரி பத்து மணிக்குச் சத்தமில்லாமல் போய் எட்டிப் பாருங்கள். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் சூடு போதவில்லை, பல்பை இறக்குங்கள். தகரத்தோடு ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்தால் சூடு அதிகம், ஏற்றுங்கள். எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கினால் மறுபக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது, சாக்கைக் கட்டுங்கள். சிதறிப் படுத்து, காலை நீட்டி, கண்ணை மூடியிருந்தால்? நீங்களும் போய்ப் படுங்கள்.

ஒருநாள் குஞ்சோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை, வளர்ந்த கோழிதான் வாங்குவேன் என்கிறவர்களுக்கு வேறு பட்டம். அதற்கு இரண்டு வாசல் உண்டு. ஒன்று புரட்டாசி. புரட்டாசி முழுவதும் பாதி ஊர் கவுச்சியைத் தொடாது. கோழி விலை இறங்கும். அப்போது வாங்கலாம். இரண்டாவது தை. அறுவடை முடிந்து களத்திலும் வயலிலும் நெல் சிந்திக் கிடக்கும், வரப்பில் பூச்சி இருக்கும், தரை காய்ந்திருக்கும். மேய்ச்சல் கோழிக்கு அதைவிடக் கொழுத்த காலம் கிடையாது. கறிநாள் முடிந்த மறுவாரம் போங்கள், விலையும் கொஞ்சம் தணிந்திருக்கும்.

ஆனால் புரட்டாசி மலிவும் கோடை மலிவும் ஒன்றல்ல. சித்திரை மாதச் சந்தையில் நல்ல பெட்டைக்கோழியை ஒருவர் பாதி விலைக்குக் கொடுக்கிறார் என்றால், பையை நீட்டுவதற்கு முன்னால் ஏன் என்று கேளுங்கள். கொல்லையில் ஒரு கோழி கழிச்சலில் விழுந்தால் மிச்சத்தை விற்றுக் காசாக்கிவிடுவது நம் ஊர் வழக்கம். வறுமை அப்படிச் செய்ய வைக்கிறது, நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோழி உங்கள் பையில் ஏறும்போது நோயும் ஏறிக்கொள்கிறது. எந்த மாதத்தில் வாங்கினாலும் புதுக்கோழியை வீட்டுக் கோழியோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனியே கட்டிவைத்துப் பாருங்கள்.

மூன்றாவதாக, வாங்கவே வேண்டாம், எங்கள் கோழியே அடை வைத்துப் பொரிக்கும் என்கிற பாக்கியசாலிகள் இங்கே இருக்கிறீர்கள். அடை வைக்கும் கூடையில் மணல் போட்டு, இடிக்கு முட்டை கெடக் கூடாது என்று ஒரு இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் வைப்பீர்கள். வையுங்கள், நான் தடுக்கவில்லை. முட்டையைக் கெடுப்பது இடியைவிட அதிகமாக வெயில்தான். அடைக்கு உட்காருவதற்கு முன்பே, பானையில் சேர்த்துவைத்த முட்டைக்குள் வெக்கையில் கரு வளரத் தொடங்கிவிடுகிறது. வளர்ந்து பாதியில் நின்று செத்துவிடுகிறது. சித்திரையில் பன்னிரண்டு முட்டை வைத்து நாலு குஞ்சு வந்தால், மிச்சம் எட்டும் கூமுட்டை ஆன காரணம் அதுதான். அடைக்கு 21 நாள். ஆடிக் கடைசியில் அடை வைத்தால் ஆவணியில் குஞ்சு. தாய்க்கோழி இருக்கிறது, பல்பும் வேண்டாம், தகரமும் வேண்டாம். முட்டையை மட்டும் வெயில் படாத இடத்தில், ஈரமணலில் வைத்த சட்டியில் சேருங்கள்; ஒரு வாரத்துக்கு மேல் பழையதை அடைக்கு வைக்காதீர்கள்.

இந்த அரங்கத்தில் ஊட்டியிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ யாராவது வந்திருந்தால், நான் இதுவரை சொன்னதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பயப்பட வேண்டியது மார்கழி, தை உறைபனிக்கு. அடுத்தது ஆனி, ஆடிச் சாரலுக்கு. உங்களுக்கு மாசி, பங்குனிதான் பட்டம். நாங்கள் வெயிலில் வேகும் மாதத்தில் உங்கள் குஞ்சு நன்றாக வளரும். பட்டம் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் என்பதால்தான் விதை வாங்கும் முன் பக்கத்து விவசாயியைக் கேட்கிறோம்.

எந்த இனம் என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது கேட்பீர்கள், தெரியும். சிறுவிடையா, பெருவிடையா, கடக்நாத்தா, வனராஜாவா? என்னைக் கேட்டால் முதல்முறை வளர்ப்பவருக்குச் சிறுவிடை. அடைக்கு நன்றாக உட்காரும், குஞ்சைக் காக்கும், பருந்து நிழலைக் கண்டாலே குரல் கொடுத்துப் பதுங்கும். முட்டை மட்டும் போதும், அடை வேண்டாம் என்றால் வனராஜாவோ கிராமப்பிரியாவோ நிறைய இடும். ஆனால் எந்த இனமாக இருந்தாலும் மாதம் தப்பினால் தப்பியதுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தடுப்பு மருந்துக் குப்பி நூறு கோழிக்குப் போடுகிற அளவில் வரும். ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருக்கும் ஒரு வீடு தனியாக வாங்கினால் பத்தில் ஒன்பது பங்கு வீணாகும். அதனால் ஒரு தெருவில் பத்து வீடு சேர்ந்துகொள்ளுங்கள். எல்லோரும் ஒரே வாரத்தில் குஞ்சு இறக்குங்கள். ஒரே காலையில், வெயில் ஏறுமுன், எல்லாக் குஞ்சுக்கும் மருந்து போட்டுவிடலாம். ஆடி பிறந்ததும் உங்கள் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போய், ஏழாம் நாள், நாலாம் வாரம், எட்டாம் வாரம் என்று மூன்று தேதிகளைக் கேட்டுக் காலண்டரில் வட்டமிடுங்கள். கூட்டை ஆடியிலேயே முடித்துவிடுங்கள். குஞ்சு ஆவணியில் வரட்டும்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். சேர்ந்து மருந்து போட விருப்பமுள்ள தெருக்காரர்கள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.